சூடம் அணைக்காதவள்

11 ஜனவரி 1988, திங்கள்

வாய்தா. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் வாசல் வேப்பமரத்தடியில் காலையிலிருந்து உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போயிற்று. மத்தியானத்துக்கு மேல் ஒன்பது பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒன்பது பேரும் உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டு வந்தார்கள். அடுத்த மாதம் வரச் சொல்லியாயிற்று. இதற்குத்தான் ராஜபாளையத்திலிருந்து முதல் பஸ் பிடித்து ஓடினோம்.

நவம்பர் வாய்தாவுக்கு பஸ் கொள்ளாமல் ஜனம் வந்தது. கூரை மேல் ஏறி உட்கார்ந்து கோஷம் போட்டார்கள். டிசம்பரில் ஒரு வேன். இன்றைக்கு ஒன்பது பேர், அவர்கள் வீட்டுப் பெண்கள், அதுபோக வேலுத்தாய் மட்டும். வேலுத்தாய் மில்லில் எனக்கு அடுத்த மெஷினில் நிற்பவள், தெருவில் எனக்கு அடுத்த வீட்டுக்காரி. மற்றவர்களுக்குப் பொங்கல் வேலை இருக்கும் என்று அவளே சமாதானம் சொன்னாள். வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை, பொங்கலுக்கு மட்டும் அப்படியென்ன வேலை என்று கேட்டேன். "ஒன் வாய் இருக்கே யக்கா" என்றாள்.

இந்த டைரி மருந்துக்கடையில் சும்மா கொடுத்தது. என் மகள் பரிபூரணம்தான் கொண்டுவந்தாள். வீட்டில் எல்லாரையும் திட்டுவதற்குப் பதில் இதில் எழுதிக்கொள் என்றாள். ஆறாம் வகுப்பு படிக்கிறாள். வாய் மட்டும் என்னைக் கொண்டு பிறந்திருக்கிறது.

12 ஜனவரி

அக்டோபரில் நடந்ததை எழுதி வைத்துவிடுகிறேன். இல்லாவிட்டால் அப்படி ஒன்று நடக்கவேயில்லை என்று இந்த ஊர் சொல்லிவிடும்.

நிரந்தரம் ஆகாத பதிலி ஆட்களை எல்லாம் நிறுத்தப்போவதாக மில்லில் பேச்சு வந்தது. முதலில் எங்கள் மில் நின்றது. மறுநாள் மற்ற மில்களும். அதற்கு மறுநாள் கடைகள், ஆட்டோக்கள், வாத்தியார்மார் எல்லாரும். முதல் நாள் ஷிப்டு பாதியில் மெஷினை நிறுத்திவிட்டு கேட்டைத் தாண்டி நடந்தோம். சைக்கிளை எடுக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. மூன்றாம் நாள் பஞ்சு மார்க்கெட்டிலிருந்து பழைய பஸ் ஸ்டாண்டு வரை தலைதான் தெரிந்தது. கடைக்காரர்கள் அண்டா அண்டாவாக மோர் ஊற்றினார்கள். என் வாழ்நாளில் அத்தனை பேர் என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை.

சாயங்காலம் ரோட்டோரம் ஒரு பஞ்சு குடோன் எரிந்தது. யார் வைத்த நெருப்போ, பீடி நெருப்போ, கர்த்தருக்குத்தான் வெளிச்சம். முன்வரிசையில் நடந்த ஒன்பது பேர் மேல் கேஸ். அதில் ஒருவர் என் வீட்டுக்காரர் பொன்னுராஜ். எங்கள் மில்லில் ஸ்பின்னிங் பிட்டர். குடோன் எரிந்தபோது அவர் என் பக்கத்தில் நின்று கடலை தின்றுகொண்டிருந்தார். அதை நான் சொன்னால் செல்லாதாம், பெண்டாட்டி சொல்வதாம். மறுநாளே மில் பூட்டிக்கொண்டது.

அந்த வாரம் மைதானத்தில் கூட்டம். போராட்டக் கமிட்டித் தலைவர் சங்கரலிங்கம் அண்ணாச்சி, எங்கள் மில் ஆபீசில் டைம் கீப்பராக இருந்தவர், மைக்கில் பேசினார். அவர் பேசினால் டீக்கடை பாய்லர்கூடக் கொதிப்பதை நிறுத்திக் கேட்கும். மாரியம்மன் கோவிலிலிருந்து சூடத்தட்டு வந்தது. ஒன்பது பேரும் உள்ளே போகாமல் நாங்களும் மில்லுக்குள் கால் வைக்கமாட்டோம் என்று சொல்லி, எரிகிற சூடத்தை ஒவ்வொருவராகக் கையால் அடித்து அணைத்தார்கள். வேலுத்தாய் அணைத்துவிட்டுக் கையை ஊதிக்கொண்டே வந்தாள்.

தட்டு என்னிடம் வந்தது. நான் அணைக்கவில்லை. நாங்கள் சபைக்காரர்கள், சூடம் அணைக்கிற வழக்கம் கிடையாது. எங்கள் அப்பா, சத்தியம் பண்ணாதே, சொன்னதைச் செய் என்று அடித்து வளர்த்தவர். "எனக்கு என் வாய்வார்த்தை போதும். அந்த ஒன்பது பேரும் போகாம நான் போகமாட்டேன்" என்றேன். கூட்டம் ஒரு மாதிரி பார்த்தது. அண்ணாச்சிதான் மைக்கில் தூக்கிப் பிடித்தார்: "கிருபாபாய் தங்கச்சி வார்த்தை ஒண்ணு போதும். நம்ம ஆயிரம் சூடத்துக்கு அது சமம்." மைதானமே கைதட்டியது.

கையைச் சுட்டுக்கொள்ளாமல் தப்பித்துவிட்டேன் என்று வேலுத்தாய் வழியெல்லாம் கேலி செய்தாள். சந்தோஷமான நாள் அது. எழுதும்போதுதான் தெரிகிறது, அதற்குப் பிறகு அப்படி ஒரு நாள் வரவில்லை.

16 பிப்ரவரி

மில்லிலிருந்து ஆள் வந்தான். சைக்கிள் செட்டில் நிற்கிற அந்த ஒன்பது பேர் சைக்கிளையும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னான். மற்றவர்கள் சைக்கிளை மில்லே முன்னமே திருப்பிக் கொடுத்துவிட்டது.

ஒன்பது பேரும் டீக்கடையில் கூடிப் பேசி, எடுப்பதில்லை என்று முடிவு கட்டினார்கள். சைக்கிளை எடுத்துவிட்டால் மில்லோடு உறவு முடிந்தது என்று நாமே ஒத்துக்கொண்ட மாதிரியாம். என்ன கணக்கோ. "வேலைக்குப் போற அன்னைக்கி அதை மிதிச்சுக்கிட்டு வெளிய வாரேன், பாரு" என்றார் இவர்.

அருமையான வண்டி. இடது கைப்பிடி கழன்றுபோனபோது, மில்லில் நூல் சுற்றுகிற பழைய பாபின் ஒன்றைச் செருகி இறுக்கிவைத்தார். கடையில் வாங்கினதைவிட நன்றாக இருந்தது. இப்போது கோர்ட் பஸ்ஸுக்கும் நடை, சந்தைக்கும் நடை, சபைக்கும் நடை. பிட்டருக்கு ரோஷம், செருப்புக்குக் கேடு.

18 ஏப்ரல்

இன்று காலை மில் சங்கு ஊதியது. ஆறு மாதம் கழித்து.

தெருவே எழுந்து நின்றுவிட்டது. அடுப்பில் பால் பொங்குவதைப் பார்க்காமல் நானும் நின்றேன். இவர் சட்டையை மாட்டிப் பித்தான் போட ஆரம்பித்துவிட்டார். பாதிப் பித்தானில் ஞாபகம் வந்து, அப்படியே கட்டிலில் உட்கார்ந்தார்.

கேட்டில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். எல்லாரும் வரலாம், அந்த ஒன்பது பேர் தவிர.

25 ஏப்ரல்

ஒருத்தர்கூட உள்ளே போகவில்லை. ஒரு வாரமாகச் சங்கு மட்டும் ஊதுகிறது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இந்த ஊரைப் பற்றி நான் நினைத்ததெல்லாம் தப்பு என்று வேலுத்தாயிடம் சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. "போகலாம்னுதான் எல்லாருக்கும் இருக்கு யக்கா. சூடத்தை அணைச்சிட்டோமே" என்றாள்.

வீட்டுக்கு வந்து பாத்திரத்தை எல்லாம் போட்டு உடைத்தேன். நான் நினைத்தது என்ன? எங்களுக்காக நிற்கிறார்கள் என்று நினைத்தேன். அம்மனுக்குப் பயந்து நிற்கிறார்கள். பரவாயில்லை. நின்றால் சரி. எதற்குப் பயந்து நின்றால் என்ன?

9 ஜூன்

வேலுத்தாய் மகனுக்கு மஞ்சள் காமாலை. போன வாரம் அவள் மில் கேட் வரை போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாளாம். அதற்குத்தான் அம்மன் தண்டித்துவிட்டாள் என்று அழுகிறாள். கேட்டை எட்டிப் பார்த்ததற்கு ஒரு பிள்ளையைப் படுக்கப்போடுகிற அம்மன், குடோனை எரித்தவனைப் பிடித்துக் கொடுத்தால் என்ன? வாய் வரை வந்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நான் சத்திரப்பட்டியிலிருந்து பேண்டேஜ் துணி வாங்கி வீட்டில் சுருட்டுகிறேன். யார் யார் காயத்துக்கோ நான் கட்டு சுருட்டுகிறேன்.

2 ஆகஸ்ட்

புதுசாக ஒரு பேச்சு. அணைத்த சத்தியத்தைத் திருப்பிக்கொள்ளலாமாம். கோவிலில் பொங்கல் வைத்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, அன்றைக்கு அணைத்தவர்கள் அதே கையால் மறுபடி சூடத்தைக் கொளுத்திவிட்டால் அம்மன் விட்டுவிடுவாளாம். இது பழைய வழக்கம்தான், எல்லைச் சண்டை, பங்காளிச் சண்டையில் எல்லாம் செய்வார்கள் என்கிறார்கள். பொங்கலுக்கு அரிசியும் ஆடும் மில் மேஸ்திரி ஏற்பாடு.

சங்கரலிங்கம் அண்ணாச்சியிடம் போய்க் கேட்டேன், நீங்கள் தடுக்கமாட்டீர்களா என்று. "ஜனங்களோட நம்பிக்கையில நாம தலையிடக் கூடாது தங்கச்சி" என்றார். அக்டோபரில் தட்டைக் கொண்டுவரச் சொன்னபோது அந்த நம்பிக்கையில் தலையிட்டது யாராம்?

12 ஆகஸ்ட், ஆடி வெள்ளி

நடந்துவிட்டது.

மேளம் தெரு வழியாகவே போனது. அக்டோபரில் கோஷம் போட்டுக்கொண்டு போன அதே முகங்கள் பொங்கல் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு போயின. எங்கள் வீட்டைத் தாண்டும்போது எல்லாரும் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பக்கம் வெறும் சுவர். இவர் கதவைச் சாத்தச் சொன்னார். சாத்தமாட்டேன் என்று வாசலில் நின்றேன். என்னைப் பார்த்துக் கூச்சப்படட்டும் என்று நின்றேன். கூச்சப்பட்டார்கள், ஆனால் நிற்கவில்லை.

சாயங்காலம் வேலுத்தாய் வந்தாள். சேலையெல்லாம் மஞ்சள் தண்ணீர். படியேறாமல் நின்றாள். திங்கட்கிழமையிலிருந்து போகிறார்களாம். வைத்தியச் செலவு, மூத்தவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறது என்று ஏதேதோ சொன்னாள். நான் பேண்டேஜ் சுருட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில் சொன்னாள்:

"நீயும் வாயேன் யக்கா. ஒனக்கு என்ன தடை? நீதான் சூடமே அணைக்கலையே."

சூடம் அணைத்த கைக்கு மஞ்சள் தண்ணீர் இருக்கிறது. வாய்வார்த்தைக்கு என்ன இருக்கிறது? அவளுக்குக் காபி கொடுக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அவள் போன பிறகு அழுதேன்.

14 ஆகஸ்ட், ஞாயிறு

ஆராதனை முடிந்து பாஸ்டர் ஐயாவிடம் கேட்டேன், கொடுத்த வார்த்தையைத் திரும்ப வாங்க நம்மிடம் ஏதாவது ஜெபம் உண்டா என்று. அவர் நல்ல மனிதர், சுற்றி வளைக்கமாட்டார். "செஞ்ச பாவத்துக்குத்தாம்மா மன்னிப்பு. செய்யப்போற பாவத்துக்கு முன்கூட்டி மன்னிப்புக் கேக்க முடியாது" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியவர் திரும்பி நின்று, "வார்த்தையை வாங்கிக்கிட்டவங்க மனசார விட்டுட்டா அது வேற" என்றும் சொன்னார்.

வாங்கிக்கொண்டவர்கள் ஒன்பது பேர். ஒருவர் என் வீட்டில் தூங்குகிறார்.

15 ஆகஸ்ட்

திங்களிலிருந்து என்றாள். சுதந்திர தினம், மில் லீவு. நாளைக்கு என்று ஆயிற்று. ஒரு நாள் கூடுதலாக நின்றிருக்கிறார்கள், வாழ்க.

16 ஆகஸ்ட்

சங்கு. எல்லாரும் போனார்கள்.

23 ஜனவரி 1989

எலெக்சன் முடிவு வந்துவிட்டது. சங்கரலிங்கம் அண்ணாச்சி சுயேச்சையாக நின்றார். அத்தனை ஜனம் ரோட்டுக்கு வந்ததே, அதில் பாதி போட்டால் போதும் என்று கணக்குப் போட்டார். டெபாசிட் போயிற்று. ஊர்வலத்தில் மோர் ஊற்றின கடைக்காரர்கள்கூடப் போடவில்லை. அவர்கள் கடையில் இப்போது எங்களைப் பார்த்தால் சில்லறை இல்லை என்கிறார்கள்.

நான் போட்டேன். கோபம் இருந்தது, ஆனாலும் போட்டேன். அந்தச் சின்னத்தைத் தவிர அக்டோபரை ஞாபகப்படுத்த இந்த ஊரில் வேறு எதுவும் இல்லை.

பள்ளிக்கூடத்தில் பரிபூரணத்தைக் 'குடோன்' என்று கூப்பிடுகிறார்களாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

5 மார்ச்

இவரை எந்த மில்லிலும் எடுக்கவில்லை. பெயரைச் சொன்னதும் சூப்பர்வைசர்கள் காபி குடிக்கப் போய்விடுகிறார்களாம். வீட்டில் தையல் மெஷினைக் கழற்றி மாட்டுகிறார், மாட்டியதைக் கழற்றுகிறார். சங்கு ஊதினால் எழுந்து நிற்கிறார், பிறகு உட்காருகிறார். தினமும் இதைப் பார்க்க என்னால் முடியவில்லை, கர்த்தரே.

அதனால் ஒரு முடிவு செய்தேன். நான் உள்ளே போகிறேன். ஆனால் அந்த ஒன்பது பேரிடமும் கேட்டு விடுதலை வாங்கிக்கொண்டுதான் போவேன்.

2 ஏப்ரல்

ஏழு பேரிடம் வாங்கியாயிற்று. அப்படி ஒரு வார்த்தை கொடுத்தாயா என்று ஒருவர் என்னையே கேட்டார். இன்னொருவர், எப்போதோ ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டு சைக்கிளோடு திருப்பூர் போய்விட்டார். அவர் சம்சாரம்தான் பதில் சொன்னாள்: "போங்கக்கா, ஒங்களை யாரு பிடிச்சு வச்சா?" பாதிப் பேர் சைக்கிளை எடுத்துவிட்டார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. இவருக்குத் தெரியாது. நான் சொல்லப்போவதும் இல்லை.

எட்டாவது ஐயாதுரை அண்ணன். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி செண்பகத்தோப்பு வரை போனேன். மலையடியில் ஒரு மாந்தோப்பில் காவல் இருக்கிறார். குரங்கு விரட்டத் தகரம் தட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சேலைத் தலைப்பு நிறைய மாங்காய் பறித்துப் போட்டார். விஷயத்தைச் சொன்னதும் தகரத்தைக் கீழே வைத்தார்.

"விட்டுட்டேன் தங்கச்சி. நல்லா இரு. வார்த்தையை ஞாபகம் வச்சுக்கிட்டு வந்து கேட்டியே, அதுவே பெருசு" என்றார். பிறகு, "பொன்னுராஜ்ட்ட கேக்காத. தாங்கமாட்டான்" என்றார்.

3 ஏப்ரல்

கேட்டேன்.

அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். மெதுவாகச் சொன்னார்.

"எட்டுப் பேரும் விட்டுட்டானுவளா? சரி. நான் விடலை. அன்னைக்கி ரோட்டுல நின்ன அம்புட்டு ஜனத்துல மிச்சம் நீ ஒருத்திதான் கிருபா. நீயும் உள்ள போயிட்டா, நான் வெறும் குடோன் எரிச்ச பய."

எனக்கு வந்த ஆத்திரத்தில், ஒரு மனுசனோட ரோசத்துக்கு நானும் எம்பிள்ளையும் பட்டினி கெடக்கணுமா, எந்த ஊரு நாயம் இது என்று கேட்கப் போனேன். அவர் முகத்தைப் பார்த்தேன்.

மாங்காயைப் பச்சடி வைத்தேன். யாரும் தொடவில்லை.

4 ஏப்ரல்

போகவில்லை.

17 நவம்பர் 1990

எழுதி ஒன்றரை வருடம் ஆகிறது. எழுத என்ன இருக்கிறது? வாய்தா, பேண்டேஜ், வாய்தா. வேலுத்தாய் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகையை வாசல் நிலையில் செருகிவைத்துவிட்டுப் போயிருந்தாள்.

போனேன். பந்தியில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அவளே வந்து எனக்குப் பரிமாறினாள். இலையில் இடம் இல்லாத அளவுக்கு அப்பளமாகப் போட்டாள்.

19 செப்டம்பர் 1991

விடுதலை. ஒன்பது பேரும் குற்றம் செய்ததாக நிரூபிக்கப்படவில்லை. ஜட்ஜ் வாசித்து முடிப்பதற்குள் அடுத்த கேஸைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

கோர்ட் வாசலில் மாலை இல்லை, மேளம் இல்லை. பத்துப் பேர்கூட இல்லை. ஐயாதுரை அண்ணன் சட்டைப் பையில் மாங்காய் வற்றல் கொண்டுவந்திருந்தார். இவர் பால்கோவா வாங்கினார். அண்ணன் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தோப்புக்குப் பஸ் ஏறிவிட்டார். எங்கள் பஸ்ஸில் கண்டக்டருக்கும் இவர் கொஞ்சம் கொடுத்தார். என்ன விசேஷம் என்று கேட்டார் கண்டக்டர். "நான் குடோன் எரிக்கலை" என்றார் இவர். கண்டக்டர் ஒன்றும் புரியாமல், நல்லது அண்ணாச்சி என்று டிக்கெட்டைக் கிழித்தார்.

20 செப்டம்பர்

காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தீர்ப்பு நகலோடு மில்லுக்குப் போனார். வாட்ச்மேன் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டான். கேஸ் வேறு, வேலை வேறாம். மத்தியானம் வரை நின்றிருக்கிறார். ஷிப்டு விட்டு எங்கள் தெரு ஆட்கள் அத்தனை பேரும் அவரைத் தாண்டித்தான் வந்திருக்கிறார்கள். ஒருத்தன் பீடிக்கு நெருப்புக் கேட்டானாம். அதைச் சொல்லிவிட்டு இவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பார்த்திருக்கவே வேண்டாம்.

25 டிசம்பர்

கேக் இல்லை. நட்சத்திரம் கட்டவில்லை. பரிபூரணம் கேட்கவும் இல்லை.

11 மே 1992

சாப்பிட்டுக் கை கழுவும்போது, முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார்.

"போ கிருபா. விட்டுட்டேன்."

மூன்று வருடம் இதற்காகத்தான் ஜெபித்தேன். கேட்டதும், வேண்டாம், விடாதீங்க, இன்னும் கொஞ்ச நாள் பிடிச்சுக்கோங்க என்று சொல்ல வாய் வந்தது. ஏன் அப்படி வந்தது? பைத்தியக்காரி.

13 மே

மில்லுக்குப் போனேன். கேட்டுக்குப் பக்கத்தில் புதுசாக ஒரு ஆபீஸ் போட்டிருக்கிறார்கள். பழைய பெண்களை இப்போது எடுப்பதில்லையாம். கல்யாணம் ஆகாத சின்னப் பெண்கள்தான் வேண்டும், அதுவும் கான்ட்ராக்டர் மூலமாக. சோழபுரத்திலிருந்தும் சுந்தரபாண்டியத்திலிருந்தும் வேன் வேனாக வந்து இறங்குகிறார்கள். முகத்தில் பவுடர்கூட அழியவில்லை. வேலுத்தாயைக்கூட மாசியில் நிறுத்திவிட்டார்களாம், எனக்கு இன்றுதான் தெரிந்தது. மஞ்சள் தண்ணீர் தெளித்தும் அம்புட்டுத்தான்.

கான்ட்ராக்டர் யார் என்று கேட்டேன். சங்கரலிங்கம் அண்ணாச்சி.

சிரித்துவிட்டேன். அந்த ஆபீஸ் பையன் பயந்து தண்ணீர் கொடுத்தான்.

கிளம்பும்போது, வீட்டில் வயசுப் பெண் இருந்தால் அனுப்புங்கள் என்றான்.

14 ஜூன், ஞாயிறு

பரிபூரணம் பத்தாவதில் நல்ல மார்க். மேலே படிக்கவைக்க முடியாது. அவளே மில்லுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டாள். நான் கத்தினேன். "நீங்க ரெண்டு பேரும் யாருக்கோ வார்த்தை குடுத்தீங்க. நான் யாருக்கும் குடுக்கலம்மா" என்றாள். அடிக்கக் கை ஓங்கினேன். அடிக்க என்ன நியாயம் இருக்கிறது?

சாயங்காலம் அண்ணாச்சி வீட்டுக்கே வந்தார். வெள்ளை அம்பாசிடர். கொஞ்சம் தொப்பை வைத்திருக்கிறார். பொன்னுராஜ் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். அது நடிப்பு என்று எழுத ஆசை, ஆனால் நடிப்பு இல்லை. உண்மையிலேயே கலங்கினார். எலெக்சன் கடன் கழுத்தை நெரித்தபோது மில்தான் கைதூக்கிவிட்டதாம். எப்படியோ நம் பிள்ளைகளுக்கு ஒரு வழி ஆகட்டும் என்றுதான் இதைச் செய்கிறாராம்.

விஷயத்துக்கு வந்தார். மூன்று வருடம் வேலையை விட்டு நிற்கக்கூடாது, சங்கம் கிங்கம் என்று சேரக்கூடாது. மற்ற வீடுகளில் பேப்பரில் கையெழுத்து வாங்குகிறார்களாம்.

"ஒங்கிட்ட பேப்பரெல்லாம் எதுக்கு? கிருபாபாய் தங்கச்சி வார்த்தை ஒண்ணு போதும்" என்றார்.

அதே குரல். மைக் மட்டும்தான் இல்லை.

இவர் தலையைக் குனிந்துகொண்டார். என் வாய் தானாகத் திறந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

"வார்த்தை இல்ல அண்ணாச்சி. பேப்பரைக் குடுங்க" என்றேன்.

புரிந்துவிட்டது அவருக்கு. காரில் போய் எடுத்துவந்தார். எங்கே போட வேண்டும் என்று காட்டினார், போட்டேன். பேப்பர் நாளைக்கே கிழியும். கிழிந்தால் யாரும் சாகப்போவதில்லை.

15 ஜூன், திங்கள்

சங்குக்கு முன்னாலேயே வேன் வந்துவிட்டது. இவர் எழுந்து சட்டை மாட்டவில்லை. படுத்தே இருந்தார். வேலுத்தாய் தன் வீட்டு வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வேன் போன பிறகு ஒரு சொம்பு காபியோடு என் வீட்டுப் படியேறி வந்தாள். நாலு வருடம் கழித்து. இரண்டு பேரும் குடித்தோம்.

சாயங்காலம் பரிபூரணம் தலையெல்லாம் பஞ்சோடு வந்தாள். பசி. தட்டில் போடப் போட, சாப்பிட்டுக்கொண்டே பேசினாள். மெஷின் சத்தம் காதுக்குள்ளேயே கேட்கிறதாம். கூட நிற்கிற பிள்ளைகள் எல்லாம் நல்ல பிள்ளைகளாம். சாப்பாட்டுப் பை வைக்கத்தான் இடம் கிடையாதாம், கீழே வைத்தால் எறும்பு.

"செட்டுல ஒரே ஒரு பழைய சைக்கிள் நிக்கி. டயர் இல்ல, சீட் இல்ல, ஒரே துரு. எல்லாரும் அதுலதான் பையை மாட்டுதாங்க. ஹேண்டில்ல ஒரு பக்கம் பாபின் செருகியிருக்கும்மா, பை வழுக்காது. நானும் அதுலதான் மாட்டுனேன்."

தெரிந்து சொன்னாளா, தெரியாமல் சொன்னாளா, எனக்குத் தெரியவில்லை. அவள் தட்டை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

இவர் எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு வாய் எடுத்துவைத்தார், தண்ணீர் குடித்தார்.

"தாங்கும்" என்றார். "நல்ல வண்டி. நாளைக்கும் அதுலயே மாட்டிக்கோ."